ஒரு பூங்காவுக்கு எத்தனை பெயர்?

போன மாதம் பிரான்சிலிருந்து என் சித்தப்பாவின் பேத்தி வாட்ஸ்அப்பில் பதினோரு புகைப்படங்கள் அனுப்பியிருந்தாள். குடும்ப ஆல்பம் ஒன்று அச்சடிக்கப் போகிறாளாம். "பெரியப்பா, படத்துக்குக் கீழே தமிழ்ல ரெண்டு வரி நீங்கதான் எழுதித் தரணும். அப்பாவுக்குத் தமிழ் எழுத வராது" என்று குரல்பதிவு. சரி என்று உட்கார்ந்தேன். எட்டுப் படங்களுக்கு அரைமணி நேரத்தில் எழுதிவிட்டேன். மூன்று படங்களில் மாட்டிக்கொண்டேன்.

மூன்றும் ஒரே இடத்தில் எடுத்தவை. 1989, 1994, 2008. மூன்றிலும் சித்தப்பா இருக்கிறார். இடம் ஒரு கேளிக்கைப் பூங்கா. அதற்கு என்ன பெயர் போடுவது என்று கேட்டேன். அவள் "வாலிகேட்டர்" என்றாள். பின்னாலிருந்து அவள் அப்பா, "இல்லை, ஷ்ட்ரும்ஃப்" என்றான். இரண்டும் சரி, இரண்டும் தப்பு.

பூங்கா இருப்பது பிரான்சின் வடகிழக்கில், லொரேன் பகுதியில், மெஸ் நகரத்துக்கு வடக்கே. (பெயரில் கடைசியில் 'ட்ஸ்' எழுதினாலும் உச்சரிப்பது மெஸ்தான். புதுச்சேரியில் சொன்னால் சாப்பாட்டுக் கடை என்று நினைப்பார்கள்.) அகோந்தாஞ்ஜ், மெசியேர்-லே-மெஸ் என்ற இரண்டு ஊர்களின் எல்லையில், முன்பு எஃகுத் தொழிலுக்குச் சொந்தமாக இருந்த நிலத்தில் அதைக் கட்டினார்கள். அந்த மண்ணே பெயர் மாறிப் பழகிய மண். 1871க்குப் பிறகு அந்தப் பக்கம் ஜெர்மனியிடம் இருந்தது. ஜெர்மானியத் தொழிலதிபர் தீசன் முதல் உலகப் போருக்குச் சற்று முன் அங்கே எஃகு ஆலை கட்டியபோது ஊரின் பெயர் ஹாகென்டிங்கென். 1918இல் பிரான்சிடம் திரும்பி வந்ததும் அகோந்தாஞ்ஜ். 1940இல் மறுபடி ஜெர்மனி, போர் முடியும் சமயத்தில் மறுபடி பிரான்ஸ். பெயர்ப்பலகை எழுதுகிறவருக்கு ஓய்வே இருந்திருக்காது.

1970களில் லொரேனின் எஃகுத் தொழில் சரிய ஆரம்பித்தது. சுரங்கங்களும் ஊது உலைகளும் ஒவ்வொன்றாக மூடின. ஐம்பது வயதிலேயே தொழிலாளிகளை ஓய்வில் அனுப்பும் திட்டம் வந்தது. அந்த இடத்தில் வேறு பிழைப்பு என்ன கொண்டுவரலாம் என்று யோசித்தவர்களுக்கு அப்போதைய மோகம் கண்ணில் பட்டது. டிஸ்னி பாரீஸ் பக்கம் வரப்போகிறது என்று 1987இல் ஒப்பந்தம் ஆகியிருந்தது. நாடெங்கும் பூங்காக்கள் முளைத்தன. 1989 ஏப்ரல் 30 அன்று பாரீஸுக்கு வடக்கே பார்க் அஸ்டெரிக்ஸ் திறந்தது. ஒன்பது நாள் கழித்து, மே 9ஆம் தேதி, லொரேனில் இது திறந்தது. பெயர்: 'பிக் பேங் ஷ்ட்ரும்ஃப்'.

நம் ஊர்ப் பிள்ளைகள் ஸ்மர்ஃப் என்று சொல்லும் நீலநிறக் குட்டி மனிதர்கள்தான் ஷ்ட்ரும்ஃப். பெல்ஜிய ஓவியர் பேயோ 1958இல் தன் படக்கதையில் அறிமுகப்படுத்தினார். அந்தச் சொல் பிறந்த கதை வேடிக்கையானது. பேயோவும் அவர் நண்பர் ஃப்ராங்கேனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உப்புக் குப்பிக்கு என்ன சொல்வது என்று பேயோவுக்கு மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொல்லி, "அந்த ஷ்ட்ரும்ஃபை எடு" என்றாராம். அதாவது, பெயர் மறந்துபோனால் நாம் "அந்த இது" என்போமே, அதுதான். அப்படிப்பட்ட சொல்லைப் பெயராக வைத்த பூங்கா ஒரு பெயரில் நிற்கவில்லை.

எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. இரண்டே வருஷத்தில் பெல்ஜியத்தின் வாலிபி குழுமம் எடுத்துக்கொண்டது. 'வாலிபி ஷ்ட்ரும்ஃப்' ஆயிற்று. வாலிபி என்பது வாவ்ர், லிமால், பியெர்ஜ் என்ற மூன்று ஊர்களின் முதல் எழுத்துகளை ஒட்டவைத்த பெயர். (நம் காதுக்கு வாலிபனின் தங்கை மாதிரி கேட்கிறது.) 2003இல் நீலக் குட்டிகள் விடைபெற, 'வாலிபி லொரேன்'. 2006இல் பொருட்காட்சித் தொழிலில் ஊறிய ஒரு குடும்பம் வாங்க, மறுவருஷம் 'வாலிகேட்டர்'. முன்பாதியின் ஓசையை விடாமல், பின்பாதியில் முதலையைச் சேர்த்திருக்கிறார்கள்! பிறகு ஆஸ்ப்ரோ பார்க்ஸ் என்ற ஸ்பானிஷ் நிறுவனம் வாங்கியது. இப்போது 'வாலிகேட்டர் கிரான்தெஸ்த்'.

கிரான்தெஸ்த் என்றால் 'பெருங்கிழக்கு'. அதுவும் புதுப்பெயர்தான். 2016இல் அல்ஸாஸ், ஷம்பாஞ்-ஆர்தென், லொரேன் மூன்றையும் ஒன்றாக்கினார்கள். இணையத்தில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். முதலெழுத்துகளைக் கோத்த 'அக்காலி' என்றொரு பெயரும் பட்டியலில் இருந்தது. மக்கள் திசையையே தேர்ந்தெடுத்தார்கள். லொரேன் என்ற பெயர் பூங்காவின் பலகையிலும் இல்லை, மாநில அலுவலகப் பலகையிலும் இல்லை.

இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. 2006 அக்டோபர் 1 முதல் பாண்டிச்சேரி சட்டப்படி புதுச்சேரி ஆனபோது நான் பணியில் இருந்தேன். ரப்பர் ஸ்டாம்பு, லெட்டர்ஹெட், பதிவேட்டு அட்டை எல்லாம் மாற வேண்டும். பழைய கோப்புகளையும் திருத்த வேண்டுமா என்று இளம் உதவியாளர் ஒருவர் கேட்டார். தொடாதே என்றேன். ஒரு தாள் எந்தத் தேதியில் எழுதப்பட்டதோ, அந்தத் தேதியின் பெயர் அதில் இருக்கட்டும். பின்னால் மேற்கோள் காட்டும்போது 'முன்னர் இன்னது' என்று அடைப்புக்குறியில் போட்டால் போதும். துய்ப்ளே வீதி நேரு வீதி ஆன பிறகும் என் அம்மா கடைசிவரை துய்ப்ளே வீதிக்குத்தான் துணி எடுக்கப் போனார். அது வேறு விஷயம்.

அந்த விதிப்படி 1989 படத்துக்கு பிக் பேங் ஷ்ட்ரும்ஃப், 1994க்கு வாலிபி ஷ்ட்ரும்ஃப், 2008க்கு வாலிகேட்டர். ஐந்து நிமிட வேலை. எழுதியும் விட்டேன். அனுப்பும் முன், தேதியைச் சரிபார்க்கலாம் என்று சித்தப்பாவின் பழைய கடிதக் கட்டைப் பிரித்தேன்.

சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் இருந்து, பென்ஷன் வாங்கி, பிறகு அந்தப் பக்கத்து எஃகு ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். ஐம்பது தாண்டியதும் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றி எங்களுக்கு ஒரு வார்த்தை எழுதியதில்லை. 1989 ஆகஸ்ட் கடிதத்தில் இப்படி இருக்கிறது: "போன ஞாயிறு பேத்தியைத் தூக்கிக்கொண்டு உஸினுக்குப் போனோம். அவள் நீல பொம்மையைப் பார்த்துப் பயந்து அழுதாள்."

உஸின் என்றால் பிரெஞ்சில் ஆலை. 1994இலும் "உஸினுக்குப் போனோம்" என்றுதான் எழுதியிருக்கிறார். ரோலர் கோஸ்டரில் ஏறியதைச் சொல்லும்போதுகூட உஸின்தான். 2011இல் அவர் காலமாகும்வரை ஷ்ட்ரும்ஃப் என்றோ வாலிபி என்றோ அவர் எழுதி நான் பார்க்கவில்லை.

கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அவளிடம் கேட்டேன்: "தாத்தா அந்த இடத்தை என்னன்னு சொல்வார், ஞாபகம் இருக்கா?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "உஸின்னுதான் பெரியப்பா. சின்ன வயசுல அதுதான் பார்க்கோட பேருன்னு நினைச்சிட்டிருந்தேன்."

எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். முதல் படத்துக்கு இப்படி: 'உஸினில் தாத்தாவும் பேத்தியும், ஆகஸ்ட் 1989 (அப்போது பிக் பேங் ஷ்ட்ரும்ஃப்).' மற்ற இரண்டும் அதே மாதிரி, அடைப்புக்குறிக்குள் அந்தந்த வருஷத்துப் பெயர்.

இந்த ஆகஸ்டில் தன் பிள்ளைகளோடு அங்கே போகிறாளாம். அந்தப் படத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாள், என்ன எழுத என்று கேட்டாள். உஸின் என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் படம் எடுக்கும் அன்று வாசலில் பார்த்து எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.