ஜூமா, பிளாக்கா? ஒரு கூத்து ராத்திரியும் கொஞ்சம் லென்ஸ் வரலாறும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆபீஸ் டெட்லைன் புண்ணியத்தில் தள்ளிப்போன பதிவு இது. கொஞ்சம் டெக்னிக்கலா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

எங்க ஊர் மொரப்பூர். சேலம் - ஜோலார்பேட்டை ரயில் பாதையில் வரும், தூக்கக் கலக்கத்தில் பலர் தவறவிடுற ஸ்டேஷன். எங்க பெரியப்பா தெருக்கூத்துக்காரர், துரியோதனன் வேஷம் கட்டுறவர். முழங்கால் தேய்ஞ்சுபோச்சு, "இந்த வருஷம் படுகளத்தோட சரி, சலங்கையைக் கழட்டிடுவேன்"னு சொல்லிட்டார். அதை ஒழுங்கா படம் பிடிச்சு வைக்கணும்னு எனக்கும் கூட வேலை பார்க்கிற நண்பனுக்கும் ஆசை.

அதுக்கு முந்தின வருஷமும் எடுத்தோம். கேமராவோட வந்த சாதாரண ஜூம் லென்ஸ். இழுத்து க்ளோசப் போனா அப்பர்ச்சர் 5.6-க்கு இறங்கிடும். படம் பூரா புள்ளி புள்ளியா நாய்ஸ், ஜூம் பண்ணும்போதெல்லாம் ஃபோகஸ் போச்சு. அதனால இந்தத் தடவை லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாம்னு முடிவு. கையில் இருந்த காசுக்கு ஒரு சினிமா ஜூம், இல்லேன்னா மூணு பிளாக் லென்ஸ். (ப்ரைம் லென்ஸை நம்ம கோடம்பாக்கத்தில் பிளாக் லென்ஸ்னுதான் சொல்லுவாங்க. ஜூம் ஆகாது, கிட்ட வேணும்னா நாமதான் நடக்கணும்.)

எதை எடுக்கிறதுன்னு சண்டை. சண்டைக்கு ஆதாரம் தேடப் போய்த்தான் இந்த வரலாறு கிடைச்சது.

முதல்ல எல்லாமே பிளாக் லென்ஸ்தான். நமக்குப் பக்கத்து சேலத்தில் 1935-ல் டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பிச்சார். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 'மந்திரி குமாரி' (1950), கேவா கலரில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அவங்க தயாரிப்பு. உலகம் முழுக்க அந்தக் காலத்து ஸ்டூடியோ கேமராக்களில், உதாரணமா பெல் அண்ட் ஹோவெல் 2709-ல், முகப்பில் ஒரு சுழல்தட்டு இருக்கும். அதில் நாலு லென்ஸ். ஷாட் முடிஞ்சதும் தட்டைத் திருப்பினா அடுத்த லென்ஸ்.

ஜூம் அப்போ இல்லவே இல்லைன்னு சொல்லமுடியாது. 1932-லேயே இங்கிலாந்தில் குக் வாரோன்னு 40-120 மி.மீ. ஜூம் வந்தாச்சு. ஆனா நிஜமா ஆட்டத்தை மாத்தினவர் பிரான்ஸின் பியர் ஆன்ஜெனியூ. 35 மி.மீ. ஃபிலிமுக்கு அவரோட 25-250 மி.மீ., அதாவது பத்து மடங்கு ஜூம், 60களின் ஆரம்பத்தில் வந்தது. 1964-ல் வந்த 'சாருலதா'வில் சத்யஜித் ரே ஜூமை எவ்வளவு அடக்கமா பயன்படுத்தியிருக்கார்னு பாருங்க. அதுக்கப்புறம் 70களில் நம்ம படங்களில் வில்லன் முகத்துக்கும் ஜூம், தாலிக்கும் ஜூம்! ஜூம்னாலே மட்டம்ங்கிற கெட்ட பேர் அப்போ வந்ததுதான்.

கெட்ட பேர் தவிர நிஜமான குறையும் இருக்கு. ஜூம் லென்ஸுக்குள்ள கண்ணாடிகள் அதிகம். எடை கூடும், உள்ளே போற வெளிச்சம் குறையும். அந்த ஆன்ஜெனியூவோட அப்பர்ச்சர் f/3.2. ஆனா f/1.4 பிளாக் லென்ஸ்கள் சாதாரணமா கிடைக்கும். அது சுமார் அஞ்சு மடங்கு வெளிச்சம். இரவுக் காட்சியில் அது வாழ்வா சாவா பிரச்சனை.

டிஜிட்டல் வந்ததும் கதை திரும்புச்சு. பி.சி.ஸ்ரீராமின் 'வானம் வசப்படும்' (2004), கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' (2005) ரெண்டும் டிஜிட்டல் முயற்சிகள். அந்தத் தலைமுறை டிஜிட்டல் கேமராக்களில் பெரும்பாலும் சென்சார் ரொம்பச் சின்னது, 2/3 இன்ச். டிவிக்காரங்க பாணி ஜூம்தான் அதுக்கு வழக்கம். முன்னாடி பின்னாடி எல்லாமே ஷார்ப்பா தெரியும், சினிமா மாதிரியே இருக்காது. 2007-ல் ரெட் ஒன் வந்து ஃபிலிம் அளவு சென்சாரும், ஃபிலிம் லென்ஸ் பொருத்துற பி.எல். மவுண்டும் கொடுத்தது. 2009-ல் 'உன்னைப்போல் ஒருவன்' ரெட் ஒன்னில் எடுத்தாங்க. பழைய பிளாக் லென்ஸுக்கெல்லாம் மறுவாழ்வு. 'வழக்கு எண் 18/9' (2012) கேனான் 7டி ஸ்டில் கேமராவிலேயே வந்தது. அப்புறம் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஆசை வராம இருக்குமா?

சரி, எங்க சண்டைக்கு வருவோம். நண்பன் பிளாக் கட்சி: "மச்சி, ராத்திரி, டியூப்லைட்டு. வெளிச்சம்தான் முக்கியம்". நான் ஜூம் கட்சி. கூத்து களத்தைச் சுத்தி ஜனம் உக்காந்திருக்கும். நடுவுல எழுந்து நடந்தா கட்டியங்காரனே கிண்டல் பண்ணுவான். லென்ஸ் மாத்துற ரெண்டு நிமிஷத்தில் பாஞ்சாலி சபதமே முடிஞ்சிரும். கூத்துக்கு ரீடேக் கிடையாது. நல்ல சினிமா ஜூமில் இழுத்தாலும் ஃபோகஸ் நகராது. மேலும் இன்னைக்கு கேமராவோட சக்தி வேற. சோனி எஃப்எக்ஸ்3-க்கு 800 தவிர 12,800 ஐ.எஸ்.ஓ.விலும் ஒரு அடிப்படை உண்டு. ஃபிலிம் காலத்தில் 500 வேகம்னாலே பெருசு. ஜூமோட பழைய இருட்டுக் குறையில் பாதி அங்கேயே தீர்ந்துடுது.

முடிவு கட்டினது ஸ்டான்லி குப்ரிக்தான், ஹி ஹி. 'பேரி லிண்டன்' (1975) படத்துக்கு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் செஞ்ச 50 மி.மீ. f/0.7 லென்ஸைத் தேடிப் பிடிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். அதே படத்தில்தான் பகல் காட்சிகளில் மெதுவா பின்னால போற நீள ஜூம்களும் இருக்கு. ஆக, கேள்வி எது உசத்திங்கிறது இல்ல. அந்த இடத்தில் வெளிச்சம் எவ்வளவு, நம்மால நடக்க முடியுமா முடியாதா, அவ்வளவுதான்.

பெரியப்பாகிட்ட கேட்டப்போ அவர் சொன்னது: "மூஞ்சியவே புடிச்சிக்கினு இருக்காதடா தம்பி. கால் தெரியணும். கூத்துன்னா அடவுதான்."

அதனால களத்துக்கு ஜூம். ஒத்தை பல்பு தொங்குற ஒப்பனைக் கொட்டகைக்கு, என்கிட்ட ஏற்கெனவே இருந்த மலிவான 50 மி.மீ. f/1.8. அங்கே நடக்கலாம், கிட்டப் போகலாம், கண்ணுக்கு மை தீட்டுறப்போ கை லேசா நடுங்குறதைக்கூட எடுக்கலாம். எடுத்தோம்.

ரெண்டு வாரம் கழிச்சு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். பெரியப்பா ஒப்பனைக் காட்சியைக் கண்டுக்கவே இல்ல. களத்துக் காட்சி வந்ததும் நிமிர்ந்து உக்காந்தார். திரையைத் தொட்டு, "இங்க ஒரு அடி தப்பிட்டேன் பாரு"ன்னார். திருப்பித் திருப்பி அதையே போடச் சொன்னார். கால் வரைக்கும் தெளிவா தெரிஞ்சதால்தான் அந்தத் தப்பும் தெரிஞ்சது.

டிஸ்கி: நண்பன் இன்னும் பிளாக் கட்சிதான். அடுத்த சண்டை எடிட்டிங்ல.