நகல் யாருக்கு?

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ உள்ள தோல் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இன்று மின்னஞ்சல்தான் தபால்காரர். அனுப்பிய சரக்கில் நிறம் மங்கியிருக்கிறது என்று ஜெர்மனியிலிருந்து ஒரு புகார் வந்தால் போதும். அதன் நகல் முதலாளிக்கும், மேஸ்திரிக்கும், கணக்கருக்கும், சம்பந்தமில்லாத நாலு பேருக்கும் ஒரே விநாடியில் போய்ச் சேர்ந்துவிடும். நகல் அனுப்புவது சுலபம். யாருக்கு அனுப்புகிறோம் என்பதில் அல்லவா பண்பு இருக்கிறது?

வேலூர்க் கோட்டை மதிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம் வரும்.

1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய தலைப்பாகை உத்தரவாயிற்று. அதில் தோலால் ஆன சின்னம் ஒன்று. அடுத்த மார்ச்சில், அணிவகுப்பில் நெற்றிக்குறியும் காதணியும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. பிரதம தளபதி ஸர் ஜான் கிரடாக்கின் தடித்த விதித் தொகுப்பில் அது ஒரு பத்தி. தொகுப்பு, கவர்னர் பெண்டிங்க் பிரபுவின் சபைக்குப் போயிற்று. அந்தப் பத்தியை யாரும் தனியே சுட்டிக்காட்டவில்லை. கவனியாமலே ஒப்புதல் கிடைத்தது. காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டால் விஷயத்தைச் சொல்லிவிட்டதாக ஆகுமா?

ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கோட்டைக்குள் சதி நடக்கிறது என்று தம் மேலதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் சொன்னார். ஃபோர்ப்ஸ் என்ன செய்தார் தெரியுமா? விசாரிக்கும்படி இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். சதியில் பங்குள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். "இவன் பைத்தியக்காரன்" என்று தீர்ப்பாயிற்று. முஸ்தபா பேக் காவலில் அடைபட்டார்.

அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று சிலர் சொல்லக்கூடும். என் அனுதாபமும் அவமதிக்கப்பட்ட சிப்பாய்களின் பக்கந்தான். ஆனாலும் ஒருவர் நம்பித் தனியே சொன்னதை, யாரைப் பற்றிச் சொன்னாரோ அவர்கள் கையிலேயே கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

1806 ஜூலை 10 விடியுமுன் துப்பாக்கிகள் வெடித்தன. வெள்ளைச் சிப்பாய்கள் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்த பிறகு, இந்தியச் சிப்பாய்கள் சில நூறு பேர் மாண்டார்கள். கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. இந்த இரண்டு அலட்சியங்களும் அவற்றோடு சேர்ந்தவை. 1807-ல் பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

கார்பன் காகிதத்துக்கு இங்கிலாந்தில் ரால்ஃப் வெட்ஜ்வுட் காப்புரிமை பெற்றதும் அதே 1806-ல்தான்! மின்னஞ்சலில் நகலுக்கென்று இருக்கும் 'சி.சி.' என்ற இரண்டெழுத்து அந்தக் கார்பன் நகலின் ஞாபகம். அங்கே ஒரு பெயரைச் சேர்க்குமுன் நாம் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். இவர் படிக்க வேண்டிய வரி எது என்று சொல்லியிருக்கிறோமா? முதலில் எழுதியவர், இது இவர் கண்ணில் படச் சம்மதிப்பாரா?