தகுதியின் பக்கவாசல்

கால்பந்து மேலாண்மைக் கணினி விளையாட்டுகளில் ஓர் உத்தி இருந்தது. இங்கிலாந்தில் ஆட அனுமதி கிட்டாத அயல்நாட்டு இளைஞரை ஒப்பந்தம் செய்து, பெல்ஜியத்துத் துணைக் கழகத்துக்கு அனுப்பினர். அங்கே சில ஆண்டுகள் தங்கிக் குடியுரிமை பெற்றதும் தடை நீங்கியது. இது வெறுங் கற்பனையன்று. மான்செஸ்டர் யுனைடெட் 1998 முதல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் கழகத்தோடு உறவு கொண்டிருந்தது. 2004இல் சேர்த்த சீன வீரர் டாங் ஃபாங்ஜோவுக்குப் பணி அனுமதி கிட்டாமையால் அங்கே அனுப்பியது. பின்னர் அனுமதி பெற்று, 2007 மே மாதம் செல்சிக்கு எதிராக அவர் களமிறங்கினார்.

நம்மவர் நிலை என்ன? 2009இல் சுனில் சேத்ரியைக் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஏற்றது. பிரித்தானிய அரசு மறுத்தது. உலகத் தரவரிசையில் இந்தியா முதல் 70 இடங்களுக்குள் இல்லை என்பதே காரணம். ஆட்டக்காரரின் தகுதியை நாட்டின் தகுதி கொண்டு அளந்தனர்.

கூரத்தில் வாழும் நமக்குத் தகுதிவிதி என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டே நினைவுக்கு வரும். முதற் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டு விதி, வாரியத்துக்குக் கால் வேலி நிலம் கேட்டது. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவர்க்கோ அரைக்கால் வேலி போதும் என்றது. அதுவும் அனைவர்க்கும் திறந்த அவையன்று, அந்தணர் சபையே. எனினும் பக்கவாசலைக் கல்லில் வெளிப்படையாக எழுதி, கல்வியைத் திறவுகோலாக்கினர்.

கால்பந்தில் திறவுகோல் செல்வக் கழகங்களிடம் இருந்தது. பிரெக்சிட்டால் 2021 முதல் பெல்ஜிய வழியும் அடைபட்டது. பின்வந்த புள்ளிமுறையிலும் நாட்டின் தரவரிசை நீங்கவில்லை.