கோடு கிழித்த இடம்

வேப்பமர நிழலில் மண்ணைக் கீறிக் கட்டம் போட்டு, நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடும் சிறுவர்களை நற்றிணையின் 3ஆம் பாட்டில் பார்க்கலாம். அந்தக் கட்டத்துக்குப் பெயர் அரங்கு. வள்ளுவரும் 401ஆம் குறளில் அதைத்தான் எடுத்தாள்கிறார்: நிரம்பப் படிக்காமல் அவையில் வாய் திறப்பது, அரங்கு இழைக்காமல் வட்டாடுவது போலாம். கோடு இல்லாவிட்டால் காய் உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று யார் சொல்வது? மேடை, நாற்காலி, மைக் என்று இன்று நம் மனத்தில் விரிகிற அரங்குக்குள், தரையில் குச்சியால் இழுத்த அந்தக் கோடும் கிடக்கிறது.

ஆற்றிடைக்குறைக்கும் அரங்கம் என்று பெயர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பதால்தான் திருவரங்கம். கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபமும் அங்கேதான், தாயார் சன்னிதிக்கு எதிரில். அரங்கத்தில் அரங்கேற்றம் என்றால் சிலேடைப் புலவர்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

கூத்துக்கு அரங்கு அளவெடுத்துக் கட்டப்பட்டது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கணக்கே தருகிறது: 24 விரல் கொண்ட கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. மாதவி 7 ஆண்டு பயின்று 12 வயதில் அதில் ஏறினாள். ஆகவே பரதநாட்டியக்காரர்கள் ‘அரங்கேற்றம்’ என்ற எங்கள் சொல்லைப் பறித்துக்கொண்டார்கள் என்று கவிஞர்கள் குறைப்பட வழியில்லை.

நூல் ஏறிய அரங்கில் வேறொரு ஆட்டம் நடந்தது. புலவர் படிப்பார், பொருள் சொல்வார். அவையில் ஒருவர் தடை எழுப்புவார். இவர் விடை சொல்ல வேண்டும். நச்சினார்க்கினியர் சொல்லும் கதையில், தொல்காப்பியத்தைக் கேட்க உட்கார்ந்த அதங்கோட்டாசான் குற்றம் சொல்வதென்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வந்தவர். தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லி மீண்டார். காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணத்தைத் தொடங்கியதும் முதல் சொல்லிலேயே தடை. திகழ், தச என்ற இரண்டும் சேர்ந்தால் ‘திகடச’ என்று வருமா, எந்த இலக்கணத்தில் இருக்கிறது? அவை அன்றோடு நின்றது. மறுநாள் வெளியூர்ப் புலவர் ஒருவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலைக் கொண்டுவந்து விதியைக் காட்டினார், வந்தவர் முருகனே என்பார்கள். எனக்கு அதிசயம் முருகன் வந்ததில் இல்லை. ஒரு புணர்ச்சிக்காக ஒரு நாள் முழுவதும் புராணத்தை நிறுத்திவைத்த அந்தச் சபையில்தான்.

அந்தச் சபையும் நூலில் ஓர் அங்கம். சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டியவற்றில் ‘கேட்போர்’ என்பதையும் நன்னூல் சேர்க்கிறது. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் கூட்டிக்கொள்வோர் உண்டு என்கிறது. களம் என்றால் நூல் அரங்கேறிய அவை. யார் எழுதியது என்பதோடு எங்கே தேறியது என்பதும் பதிவானது.

19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களை ஊர் ஊராக அரங்கேற்றினார். நாளுக்குக் கொஞ்சமாக, வாரக்கணக்கில் நடக்கும். பிறகு அச்சு பெருகியது. அரங்கேற்றம் போய் வெளியீட்டு விழா வந்தது. அட்டை போட்டுத் தைத்த புத்தகத்தின் முன்னால் தடை எழுப்பி என்ன பயன்? பொன்னாடைதான் போர்த்தலாம். அரங்கேற்றம் என்ற சொல்லும் சும்மா இருக்கவில்லை. செய்தித்தாளில் இப்போது கொள்ளையும் மோசடியும்கூட அரங்கேறுகின்றன.

நூல் அச்சுக்குப் போகும் முன்பே கேட்கும் காதுகளைத் தேடியவர்கள் வேறு சொல்லைப் பிடித்தார்கள்: பட்டறை. ஆங்கிலத்தைப் பார்த்து இந்தப் பொருளில் எடுத்துக்கொண்ட சொல்தான். ஆனாலும் கொல்லனின் சம்மட்டி ஓசை இருப்பதால் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் ஊரில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, நூலக மாடியில் அப்படி ஏழெட்டுப் பேர் கூடுவோம். போன மாதம் கல்லூரிப் பையன் ஒருவன் பதினான்கு வரி படித்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, ‘மௌனம்’ மூணு தடவை வருதே?”

“அதுதான் சார் கவிதையே.”

“அப்ப ரெண்டாவது மௌனம் என்ன வேலை செய்யுதுன்னு சொல்லு.”

பையன் தாளைப் பார்த்தான். விடை வரவில்லை. சட்டைப் பையில் பேனா தேடினான். பக்கத்திலிருந்தவர் தன்னுடையதைக் கொடுத்தார். ஒரே கோடு. பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி படித்தான்.