சாங்கிச் சிறையின் ஆறங்குலச் சதுரங்கள்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஐரோப்பியக் குடிமக்களைப் பாடாங் திடலில் கூட்டி, ஆண்களை ஒருபுறமும் பெண்களையும் பிள்ளைகளையும் மறுபுறமுமாகப் பிரித்தார்கள். மார்ச் 8 அன்று பெண்களும் பிள்ளைகளும் நடந்தே சாங்கிச் சிறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1936-இல் சுமார் 600 கைதிகளுக்காகக் கட்டிய சிறை அது. அதற்குள் ஏறக்குறைய 3,000 பேரை அடைத்தார்கள். அவர்களில் பெண்களும் பிள்ளைகளுமாக 400 பேர் அளவில் இருந்தனர். கணவன் சுவருக்கு அந்தப் பக்கத்திலோ தொலைவிலிருந்த போர்க்கைதி முகாமிலோ இருந்தான். உயிரோடு இருக்கிறானா என்றே பலருக்குத் தெரியாது. அந்தச் சிறையிலிருந்து அடுத்த ஆறு மாதத்துக்குள் மூன்று பெரிய ஒட்டுத்தையல் போர்வைகள் வெளியே வந்தன. அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பூவேலைக்குள் ஒளித்து வைத்த ரகசியச் செய்திகளையே முதலில் பேசுகிறார்கள். எனக்கு அவற்றின் அளவே முக்கியமாகப் படுகிறது. சின்னப் போர்வை ஒன்றின் யோசனையைப் பெரிதாக்கியபோது அந்தப் பெண்கள் தையல் முறையையே மாற்றினார்கள். அந்த மாற்றம்தான் அவற்றை வரலாற்று ஆவணமாக்கியது.

முதலில் அந்தச் சின்னப் போர்வை. சிறைக்குள் எட்டு வயது முதல் பதினாறு வயது வரையிலான சுமார் இருபது சிறுமிகள் சாரணியர் குழுவாக வாரம் ஒருமுறை கூடினார்கள். குழுவை நடத்தியவர் எலிசபெத் என்னிஸ். இந்தியாவில் ராணுவச் செவிலியாக இருந்தவர். சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாட்கள் முன்புதான் ராணுவ மருத்துவர் ஜாக் என்னிஸை மணந்திருந்தார். எலிசபெத்தின் பிறந்தநாளுக்கு அவருக்குத் தெரியாமல் பரிசளிக்கச் சிறுமிகள் போர்வை தைக்கத் தொடங்கினார்கள். பழைய உடைகளில் வெட்டிய துண்டுகள்தான் துணி. துணியைப் பிரித்து உருவியதுதான் நூல். அறுகோணத் துண்டு ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றிலும் ஆறு அறுகோணங்களைத் தைத்தால் ஒரு பூ. இங்கிலாந்துப் பாட்டிமார் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவந்த பழைய மாதிரி இது. பூக்களின் நடுவே சிறுமிகள் தங்கள் பெயர்களைத் தைத்தார்கள். அந்தப் போர்வையை அவர்கள் முடிக்கவேயில்லை. இன்று அது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் முடியாத நிலையிலேயே இருக்கிறது.

முடியாமல் போனதற்குச் சிறை வாழ்க்கை ஒரு காரணம் என்றால் அந்த மாதிரியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். அறுகோணம் பார்க்க அழகு, பெருக்குவதற்குக் கொடுமை. நடுவில் ஒன்று, அடுத்த சுற்றுக்கு ஆறு, அதற்கடுத்த சுற்றுக்குப் பன்னிரண்டு, பிறகு பதினெட்டு என்று துண்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு துண்டும் ஆறு பக்கத்திலும் அண்டைத் துண்டோடு பொருந்த வேண்டும். ஒருவர் மயிரிழை பிசகினால் அந்தப் பிசகு அடுத்த சுற்றில் இரட்டிப்பாகும். நான்காவது சுற்றில் துணி தட்டையாகப் படுக்காது. காகித அச்சின் மேல் துணியை மடித்துத் தைத்துத்தான் இதைத் தவிர்ப்பார்கள். சிறையில் காகிதத்துக்கும் தட்டுப்பாடு. இருபது பேர் ஒரே மூலையில் உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பார்த்துத் தைத்தால் இந்த மாதிரி நடக்கும். இருநூறு பேர் தனித்தனி அறைகளில், தனித்தனி நேரத்தில், தனித்தனிக் கைத்திறனோடு தைப்பதற்கு இது உதவாது.

சிறுமிகளின் வேலையே எத்தல் மல்வானிக்கு யோசனை தந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. மல்வானி கனடாக்காரர்; ஒன்டாரியோவின் மனிட்டூலின் தீவில் பிறந்தவர்; பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஒருவரின் மனைவி; சிறைக்குள் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்றவர். அவர் அறுகோணத்தைத் தொடவில்லை. விரும்பிய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறங்குல வெள்ளைச் சதுரம் ஒன்றைக் கொடுத்து, அதில் தன்னைப் பற்றி ஏதாவது தைக்கச் சொன்னார். இந்த முடிவு தற்செயலானதல்ல. முதல் உலகப் போர்க் காலத்திலேயே வட அமெரிக்க ஊர்களில் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணம் திரட்டப் பெயர்ப் போர்வை தைக்கும் வழக்கம் இருந்தது. சிறு தொகை கொடுத்தவர் பெயரை வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் தைப்பார்கள்; ஊரார் பெயர் நிறைந்த போர்வை மருத்துவமனைக்கோ ஏலத்துக்கோ போகும். கனடாவில் வளர்ந்து செஞ்சிலுவைப் பணியில் இறங்கிய ஒரு பெண்ணுக்கு இது நன்றாகப் பழகிய மாதிரி. சாங்கிப் போர்வைகளிலும் வெள்ளைச் சதுரமும் சிவப்புத் தையலும்தான் கண்ணில் படுகின்றன. பணத்துக்குப் பதிலாக இங்கே ஒவ்வொருத்தியும் தன் நேரத்தைக் கொடுத்தாள்.

கணக்குப் போட்டால் இந்த மாதிரியின் வலிமை இன்னும் தெளிவாகத் தெரியும். போர்வை ஒன்றுக்கு 66 சதுரம். மூன்றுக்கும் சேர்த்து 198. மாவுப் பைகளிலிருந்தும் படுக்கை விரிப்புகளிலிருந்தும் அந்தத் துணி வந்தது. 198 ஆறங்குலச் சதுரங்களுக்கு வேண்டிய துணி ஏறக்குறைய ஒரு எட்டு முழ வேட்டியின் அளவுதான். அந்தக் கொஞ்சத் துணியை அத்தனை கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சதுரத்தால் முடிந்தது. ஒருத்தி தைத்தது நேர்த்தியாக இருக்கலாம், இன்னொருத்தி தைத்தது கோணலாக இருக்கலாம். ஒன்றின் குறை மற்றொன்றைத் தொடாது. ஒருத்தி நோயில் விழுந்தால் அவள் இடத்தில் இன்னொருத்தியின் சதுரம் உட்காரும். வரிசை வரிசையாக இணைத்துக்கொண்டே போகலாம், மூன்றாகவும் பிரிக்கலாம். சில மாதங்களில் மூன்றும் முடிந்தன என்பதே இந்த வாதத்துக்குப் பெரிய சான்று. 1943 அக்டோபர் 10 முதல் ஜப்பானிய ராணுவக் காவல் பிரிவான கெம்பெத்தாயின் காவலர்கள் சிறைக்குள் புகுந்து பலரை இழுத்துப்போய் வதைத்தார்கள். 1944-இல் எல்லோரையும் சைம் ரோடு முகாமுக்கு மாற்றினார்கள். வேலை மெதுவாக நடந்திருந்தால் இந்த மூன்றும் அரைகுறையாகவே நின்றிருக்கும்.

இதை மறுப்பவர்கள் முதலில் சொல்வது, அளவும் சதுரமும் வெறும் வசதி, போர்வைகளின் உயிர் ரகசியச் செய்தியில்தான் இருக்கிறது என்பது. செய்திகள் இருந்தன, சந்தேகமில்லை. தன் கணவன் மட்டும் புரிந்துகொள்ளும் வீடு, பூ, வேடிக்கைப் படம் என்று பலர் தைத்தார்கள். ஆனால் போர்வைகள் திருட்டுத்தனமாக வெளியே போகவில்லை. காயம்பட்ட வீரர்களுக்கு என்று வெளிப்படையாகவே அனுமதி வாங்கிப் போர்க்கைதி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியருக்கு, மூன்றாவது காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு என்று எழுதியதும் அந்த அனுமதிக்காகத்தான். மருத்துவமனையில் அவற்றைப் பார்த்த ஆண் முதலில் தேடியது புதிரை அல்ல, பெயரை. சதுரத்தில் மனைவியின் பெயர் இருந்தால் அவள் மார்ச் மாத நடையைத் தாண்டிவிட்டாள், சிறையில் உயிரோடு இருக்கிறாள், ஊசி பிடிக்கக் கையில் தெம்பு இருக்கிறது என்று பொருள். இதைச் சொல்ல ரகசிய எழுத்து தேவையில்லை. காவலர் கண்முன்னால் கடந்துபோன வருகைப் பதிவேடு அது.

பொழுதுபோகாத பெண்களுக்கான கைவேலைதானே என்ற மறுப்பும் உண்டு. பொழுது போக்கவும்தான். மல்வானியே அதை ஒரு நோக்கமாக வைத்திருந்தார். கைக்கு வேலை கிடைத்தால் மனம் உடையாது என்று நம்பிச் செய்த காரியம் ஆவணமாகக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. கைவேலை தன்னைத் தாண்டிய பொருள் பெறுவதும் புதிதல்ல. சீனக் குடும்பங்களில் நூறு வீட்டில் துணித்துண்டு கேட்டு வாங்கிக் குழந்தைக்குச் சட்டை தைப்பார்கள். குழந்தையின் ஆயுளுக்கான வேண்டுதல் அது. பலர் கொடுத்தது சேர்ந்தால் ஒருவர் கொடுத்ததைவிடப் பலம் என்ற எண்ணம் எல்லா ஊருக்கும் பொது.

கனமான கேள்வி வேறு. இந்தப் போர்வைகள் யாருடையவை? பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்களுடையவை. சில யூரேசியப் பெண்களும் உண்டு. அதே ஆண்டுகளில் சிங்கப்பூரின் தேக்காவிலும் மலாயாத் தோட்டங்களிலும் இருந்த தமிழர்கள் பட்டதற்கு இவற்றில் ஒரு தையல்கூட இல்லை. சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் சென்ற தோட்டத் தமிழர்களில் பல பத்தாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். வெள்ளைப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. இந்தக் குறையைக் காட்டிச் சாங்கிப் போர்வைகளை ஒதுக்குவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. ஒரு பெயரைத் துணியில் ஏற்ற எவ்வளவு சிறிய இடம் போதும் என்பதற்கு அவையே சாட்சி. பட்டினியும் காவலும் இருந்த இடத்தில் ஒரு ஆறங்குலத்துக்குள் அது முடிந்தது.

இன்று ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் போர்வை லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. சாங்கிச் சிறையில் மிஞ்சிய வாயிலும் மதிலும் 2016 முதல் தேசிய நினைவுச்சின்னம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் ஜப்பானியர் காலத்து நினைவுகளை 1981 முதல் வாய்மொழியாகப் பதிவு செய்து வருகிறது. அந்தத் தலைமுறையில் இன்று எஞ்சியிருப்பவர்கள் வெகு சிலர். சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தா, பெரியப்பா, மாமா உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர் பெயர், தோட்டத்தின் பெயர், புறப்பட்ட ஆண்டு, இந்த மூன்றையாவது வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். ஒரு பிரதியைக் காப்பகத்துக்கும் அனுப்புங்கள்.