அயனிக் கற்றையும் உலோகப் பரப்பின் காந்தமும்

காந்தமாக்கிய நிக்கல் துண்டின் மேலடுக்கில் இருக்கும் அணுவுக்குக் கீழும் பக்கவாட்டிலும்தான் அண்டை அணுக்கள் உண்டு. மேலே வெறும் வெளி. அதனால் உலோகத்தின் உள்ளே செல்லும் காந்த விதி பரப்பிலும் செல்லும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. அந்த ஓரடுக்கைத் தனியே சோதிக்கும் முறைகளில் மிக நுட்பமான ஒன்று அயனிக் கற்றை முறை.

வேகமான அயனி நேராகப் பாய்ந்தால் உலோகத்துக்குள் புதைந்துவிடும். 1970களின் தொடக்கத்தில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கார்ல் ராவ், ருடால்ஃப் சிஸ்மன் இருவரும் கன ஹைட்ரஜனின் அணுக்கருவான டியூட்டிரானின் கற்றையை ஒரு டிகிரிக்கும் குறைந்த சாய்வில் நிக்கல் பரப்பின்மேல் உரசிச் செல்ல விட்டார்கள். குளத்தில் தாழ எறிந்த ஓட்டாஞ்சில்லைப் போல டியூட்டிரான் மூழ்காமல் தெறித்துப் போகும். போகிற போக்கில் பரப்பிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கவர்ந்துகொள்ளும். அந்த எலெக்ட்ரானின் தற்சுழற்சித் திசை டியூட்டிரானிலும் தடம் பதிக்கும். பிறகு அது டிரிட்டியத்தில் மோதும்போது நிகழும் அணுக்கரு வினையில் ஆல்ஃபா துகள்கள் எத்திசையில் கூடுகின்றன, எத்திசையில் குறைகின்றன என்று எண்ணிப் பார்த்தால் பரப்பின் காந்த ஒழுங்கு தெரியும். ஓர் எலெக்ட்ரானின் திசையை அறிய அணுக்கருவையே சாட்சிக்கு அழைத்த இந்த யோசனை அபாரமானது.

பின்னர் டெர்பியம் என்ற அருமண் உலோகத்தையும் இதே முறையில் ராவ் குழு ஆராய்ந்தது. அதன் உட்பகுதி 220 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 53 டிகிரி செல்சியஸில், ஃபெர்ரோ காந்தத் தன்மையை இழக்கிறது. பரப்போ அதற்கு மேலும் அந்த ஒழுங்கைக் காத்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம் இதே கேள்வியை வேறு வழியில் அணுகியது. அங்குள்ள அணுக்கரு இயற்பியல் துறையின் பொருளறிவியல் மையத்தில் ஏ. நாராயணசாமியும் சக ஆய்வாளர்களும் இரும்பும் நிக்கலும் சேர்ந்த ஆக்சைடான நிக்கல் ஃபெர்ரைட்டை நானோ துகள்களாக அரைத்து ஆராய்ந்தார்கள். துகள் சிறுக்கச் சிறுக்க, அதன் அணுக்களில் பரப்பில் அமைபவற்றின் பங்கு ஏறும். அவர்களுக்குக் கைகொடுத்தது அயனி அல்ல, காமாக் கதிரை அளக்கும் மோஸ்பவர் முறை. அரைத்த துகளில் இரும்பும் நிக்கலும் தம் வழக்கமான இடங்களிலிருந்து மாறி அமர்கின்றன என்ற அந்த முடிவு 2001இல் ‘பிசிக்கல் ரிவியூ பி’ இதழில் வெளியானது.

அயனிக் கற்றைக்குத் தமிழ்நாட்டு ஆய்வாளர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 17 லட்சம் வோல்ட் டான்டெட்ரான் முடுக்கி இருக்கிறது. அதைவிட ஆற்றல் மிக்க கன அயனிகள் வேண்டுமென்றால் டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தை நாடலாம். அதன் பெல்லட்ரான் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. ஆய்வுத் திட்டம் அனுப்பி ஏற்கப்பட்டால் எந்தப் பல்கலைக்கழக மாணவருக்கும் அங்கே கற்றை நேரம் கிடைக்கும்.