பச்சை ஸ்டாம்பும் இலவச அறையும்

அமெரிக்காவிலிருக்கும் நண்பர் ஒருவர், ஹோட்டல் கம்பெனியின் கடன் அட்டை ஒன்று வாங்கலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஆண்டுக் கட்டணம் உண்டு; செலவழிக்கச் செலவழிக்கப் புள்ளிகள் சேருமாம்; சேர்ந்தால் இலவச அறையாம்!

அவர் இருக்கும் நாட்டில் இது பழைய கதை. 1896-ல் ஸ்பெரி, ஹட்சின்ஸன் என்ற இருவர் பச்சை ஸ்டாம்பு வியாபாரம் தொடங்கினார்கள். கடைக்காரர் ஸ்டாம்பை விலைக்கு வாங்கி, சாமான் வாங்குகிறவர்களுக்கு 'இனாமாக'க் கொடுப்பார். பெண்மணிகள் அவற்றைப் புத்தகத்தில் ஒட்டி, நிரம்பியதும் விளக்கோ பாத்திரமோ வாங்கி வருவார்கள். ஸ்டாம்பின் விலை சாமானின் விலைக்குள் ஒளிந்திருந்ததை எத்தனை பேர் கவனித்தார்களோ! ஆனாலும், எந்தப் பொருளுக்கு எத்தனை புத்தகம் என்று அச்சிட்ட பட்டியலாவது கையில் இருந்தது.

1983-ல் மாரியட்டும் ஹாலிடே இன்னும் இந்த உபாயத்தை ஹோட்டல் அறைகளுக்குக் கொண்டுவந்தன. பிறகு அட்டை வந்தது. இப்போது கடைக்காரர் ஸ்தானத்தில் வங்கி. ஹோட்டலிடம் புள்ளிகளை விலைக்கு வாங்கி நமக்கு வழங்குகிறது. வட்டி கட்டுகிறவர்கள் இருக்கும்வரை வங்கிக்கு என்ன கவலை? 2022-ல் மாரியட், அறைக்கு இத்தனை புள்ளி என்ற பட்டியலையே எடுத்துவிட்டது.

அடிக்கடி அந்த ஹோட்டலில் தங்கி, மாதாமாதம் பாக்கியில்லாமல் கட்டுகிறவருக்கு லாபந்தான். நண்பரோ, போன வருஷம் வெளியூர் போனபோதெல்லாம் மைத்துனர் வீட்டில்தான் தங்கினார்!